இடம் மாறும் வரிகள்

என் அண்ணி இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்பவர். காது ஜன்னலில் விசாரிக்கிறவர்களுக்கு, கண் எதிரே பேருந்து விவரம் காட்டும் பலகைக்கு, வாய் மைக்குக்கு. அண்ணன் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அண்ணி மூன்று வேலையை முடித்திருப்பார்.

போன மாதம் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டுப் பெரிய திரை மாட்டினார்கள். முதல் வாரமே அண்ணிக்கு ஆறு தப்பு. ஏழாம் மேடைப் பேருந்தை நாலாம் மேடை என்று சொல்ல, நாற்பது பேர் மூட்டை முடிச்சோடு அங்கே ஓடி, இங்கே ஓடி, கடைசியில் ஜன்னலுக்கே வந்து திட்டினார்கள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் போட்டுருவேம்மா" என்றார் மேலாளர்.

மைக் போனால்கூடப் பரவாயில்லை அண்ணிக்கு. அவருடைய அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய். பெற்ற மகளையே யாரென்று கேட்டவர். "எனக்கும் ஆரம்பிச்சிருச்சுடா. உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத" என்றார் அண்ணி என்னிடம். உதவுகிறேன் பேர்வழி என்று அன்று சமையலறையை ஒழித்து அடுக்கிவைத்தேன்.

மறுநாள் காலை டீயில் உப்பு. அண்ணன் துப்பினார். அண்ணி முகம் வெளுத்துப் போய், "பாத்தியா?" என்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார்.

"சர்க்கரை டப்பா எங்கடா?"

"மேல வெச்சேன் அண்ணி. அந்த எடத்துல உப்பு... எல்லாம் ஒரே மாதிரி டப்பாதானேன்னு..."

"நான் பாத்தா எடுக்கறேன்? ஃபோன்ல பேசிக்கிட்டே கை போற எடத்துல எடுக்கறேன்!" என்று கத்தியவர் சட்டென்று நின்றார். "அடேய், அந்தத் திரையும் இதைத்தான்டா பண்ணுது!"

பழைய பலகையில் ஊருக்கு ஒரு வரி, அது அசையாது. புதிய திரையிலோ ஒரு பேருந்து கிளம்பியதும் எல்லா வரியும் ஒரு படி மேலே ஏறிவிடும். ஜன்னலில் ஒருவருக்குப் பதில் சொல்லிவிட்டுக் கண்ணைத் திருப்பினால், விட்ட இடத்தில் வேறு ஊர் நிற்கும்.

திரை மாட்டியவரைப் பிடித்தார் அண்ணி. "வரியெல்லாம் ஏறாம, அதது எடத்துலயே நிக்க வைக்க முடியுமா தம்பி?"

"அதுக்கென்னக்கா, ரெண்டு நிமிஷம்."

அன்று நூற்றுப் பதினான்கு அறிவிப்பு, ஒரு தப்பில்லை. மேலாளர் பக்கத்திலேயே நின்று எண்ணினாராம்.

வீட்டுக்கு வந்த அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. எதுவும் தெரியாத அண்ணன் பதறி ஓடி வந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லங்க" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார் அண்ணி. "நெசமாவே எனக்கு ஒண்ணுமில்லங்க."