அண்ணன் எழுதிக் கொடுக்காத ஒரு வரி

அண்ணனின் முதலாண்டு நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார்கள். ஒரு வருடமாக எனக்கு அழுகை வரவில்லை. பள்ளிக்கூடம் போகிறேன், பாடம் நடத்துகிறேன், வந்து சமைக்கிறேன். எழுத உட்கார்ந்தாலாவது ஏதாவது வரும் என்று அண்ணி நினைத்திருக்கலாம். வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதித் தருகிறேன். உறவினரும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் ஹட்டனுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேட்டு லயம் என்ற தொழிலாளர் வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவில் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. அம்மா கொழுந்து பறித்து எங்களைப் படிக்க வைத்தார்கள். உயர்தரப் பரீட்சை முடித்த கையோடு அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். நான் ஆசிரியையான பிறகுதான் தன் விருப்பத்தைச் சொன்னார். போதகராகப் படிக்கப் போகிறேன் என்றபோது அவருக்கு முப்பத்தொரு வயது. அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர்களே பெட்டியை அடுக்கிக் கொடுத்தார்கள்.

எங்கள் சபை மிகச் சிறியது. பெயரைச் சொன்னால், "அப்படி ஒரு சபை இருக்கா?" என்று மற்றக் கிறிஸ்தவர்களே கேட்பார்கள். அதன் இறையியல் கல்லூரி, நுவரெலியாவில் ஒரு பழைய பங்களாவின் பின்பக்கத்து மூன்று அறைகள். அண்ணன் சேர்ந்த ஆண்டு மாணவர்கள் ஐந்து பேர். வயதில் மூத்தவர் என்பதால் மற்ற நால்வரும் அவரைத் "தாத்தா" என்று கேலி செய்வார்களாம். காலையில் கிரேக்கம், மதியம் பிரசங்கப் பயிற்சி, மாலையில் முறை வைத்துச் சமையல். கிரேக்க எழுத்துகளைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு பருப்பு வேக வைப்பாராம். எழுத்து மனதில் பதிந்த நாளில் பருப்பு அடிப்பிடித்திருக்கும். ஞாயிறன்று ஆளுக்கொரு தோட்டத்து ஆலயத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

நம் உறவினரில் சைவர்களே அதிகம் என்பதால் ஒன்றை விளக்கிச் சொல்ல வேண்டும். அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் ஜெபித்துப் பகிர்ந்து கொடுப்பதைத் திருவிருந்து என்கிறோம். எங்கள் சபையில் குருப்பட்டம் பெற்ற போதகர் மட்டுமே அதைக் கொடுக்கலாம். மாணவர்கள் வெள்ளிக்கிழமைகளில் அதை நடத்திப் பழகுவார்கள். ஆனால் தட்டில் ஒன்றும் இருக்காது, கோப்பையிலும் ஒன்றும் இருக்காது. வெறுந்தட்டை உயர்த்தி, வெறுங்கோப்பையை நீட்டிப் பழக வேண்டும். ஒருமுறை யாரோ கோப்பையில் தண்ணீர் ஊற்றி வைத்ததற்கே கல்லூரி முதல்வர் வகுப்பைக் கலைத்துவிட்டாராம்.

படிப்பின் கடைசி வருடத்தில் அம்மா படுத்த படுக்கையானார்கள். அடைமழை. மண் சரிந்து பாதை மூடிவிட்டதால் போதகர் ஐயா எங்கள் தோட்டத்துக்கு வரவே இல்லை. அண்ணன் பஸ் நின்ற இடத்திலிருந்து நடந்தே ஒரு காலையில் வந்து சேர்ந்தார். ஈரச் சட்டையோடு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அடுப்படியிலிருந்து வந்து சொன்னேன்.

"அண்ணே, அம்மா திருவிருந்து கேட்டாங்க."

"போதகர் ஐயா வரட்டும் பாப்பா."

"பாதையே இல்ல, அவரு எப்புடி வருவாரு? நீங்க குடுங்கண்ணே."

"எனக்கு அதிகாரம் இல்லம்மா."

"அப்ப அம்மா வாங்காமலே போகட்டுமா?"

அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு எழுந்தார். காலையில் சுட்ட ரொட்டி இருந்தது. ரசத்துக்கு எங்கே போவது? பாலும் சீனியும் போடாத பிளேன்டீ இருந்தது. அதை ஒரு கோப்பையில் ஊற்றி, கல்லூரியில் பழகிய அதே வார்த்தைகளைச் சொல்லி, ரொட்டித் துண்டை நனைத்து அம்மாவின் உதட்டில் வைத்தார். அடுத்ததாக எனக்குக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். மதியத்துக்குள் அம்மா போய்விட்டார்கள்.

இது எங்கள் இருவரையும் தவிர யாருக்கும் தெரியாது. அண்ணனே சபைக் குழுவுக்குக் கடிதம் எழுதித் தெரியப்படுத்தினார். விசாரணைக்கு நானும் கூடப் போய் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. குழுத் தலைவர் நல்ல மனிதர், தன்மையாகத்தான் பேசினார்.

"தம்பி, காலேஜ்ல பழகுற மாதிரி பயிற்சியாத்தான் செஞ்சேன், அது திருவிருந்து இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. அடுத்த மாசமே உங்களுக்குப் பட்டம்."

"சட்டத்த மீறிட்டேன்னு எழுதித் தாரேங்க ஐயா. மன்னிப்பும் கேட்டுக்கிறேன். பயிற்சின்னு மட்டும் எழுத முடியாதுங்க. கோப்பை வெறுமையா இல்லைங்களே."

"யாராச்சும் உங்கள வற்புறுத்துனாங்களா?"

"இல்லைங்க ஐயா. நானாத்தான் குடுத்தேன்."

எல்லாம் என் காதில் விழுந்தது. நான் எழுந்து உள்ளே போகவில்லை.

பட்டம் தள்ளி வைக்கப்பட்டது. ஒவ்வொரு வருடமும் குழு அந்த ஒரு வரியைக் கேட்டது, ஒவ்வொரு வருடமும் அண்ணன் கொடுக்கவில்லை. வலப்பனைப் பக்கத்துத் தோட்ட ஆலயம் ஒன்றில், பட்டம் இல்லாத உபதேசியாராகவே கடைசிவரை இருந்தார். இதெல்லாம் தெரிந்துதான் அண்ணி அவரைக் கட்டிக்கொண்டார்கள். நோயாளிகளைப் பார்க்கப் போவார், அடையாள அட்டைக்கு அலைகிறவர்களோடு போய் உத்தியோகத்தர்களிடம் சிங்களத்தில் பேசிக் கொடுப்பார், பிரசங்கமும் செய்வார். மாதத்துக்கு ஒருமுறை திருவிருந்து நாளில் வெள்ளைத் துணி விரித்து, அப்பத்தை வெட்டி, கோப்பையை நிரப்பி வைத்துவிட்டு, இறங்கி வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். அவரைத் தாத்தா என்று கேலி செய்த நால்வரில் ஒருவர்தான் அங்கி அணிந்து வந்து அவருக்குக் கொடுப்பார். அண்ணன் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொள்வார். எனக்குத்தான் பொறுக்காது.

"ஒரு வரிதானேண்ணே, எழுதிக் குடுத்துட்டுப் போங்களேன்" என்பேன்.

"ஒரு வரிதான் பாப்பா" என்று சிரிப்பார்.

போன வருடம் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு பின்னேரம் அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தார்கள். அப்போது சொன்னேன்.

"அண்ணே, அன்னைக்கு அம்மா ஒண்ணும் கேக்கல. முந்தின நாளே அவங்களுக்குப் பேச்சு நின்னுபோச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

அண்ணன் மூச்சுக்கு மாட்டியிருந்த முகக்கவசத்தைக் கொஞ்சம் விலக்கினார்.

"தெரியும் பாப்பா. வந்த ஒடனே கூப்புட்டுப் பாத்தேனே."

"பெறகு ஏன் குடுத்தீங்க?"

"நீ கேட்டியே. பயந்துபோயி நின்ன." மூச்சு வாங்கி, மறுபடி சொன்னார். "அது வெறும் பயிற்சின்னு எழுதிக் குடுத்திருந்தா, அன்னைக்கு உனக்குக் குடுத்தது என்னம்மா?"

ஐந்தாம் நாள் அண்ணன் இறந்தார்.

அம்மாவுக்காகத்தான் அந்த வரியை எழுத மறுத்தார் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். எனக்காகவும்தான். இதற்காவது அழுகை வர வேண்டும், வரவில்லை. குழுவிடம் அண்ணன் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதியிருக்கிறேன். சபையார் படிக்க வேண்டும் என்றே எழுதினேன். மலரில் அண்ணன் படத்தின் கீழே "போதகர்" என்று போட முடியாது என்றார்கள். போடவில்லை.

மண் வழுக்கிய பாதையில் அண்ணனை, பிறந்த தோட்டத்துக்கே தோளில் சுமந்து கொண்டுவந்த பிள்ளைகளுக்கும், கூடாரம் கட்டி மூன்று நாளும் அடுப்பு எரியவிட்ட மேட்டு லயத்தாருக்கும், ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், வாடகை வாங்க மறுத்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், அடக்க ஆராதனை நடத்திய, அண்ணனோடு படித்த போதகர் ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நினைவு ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் பக்கத்தில் ரொட்டியும் பிளேன்டீயும் இருக்கும். ரொட்டியை நானே சுட்டு, என் கையாலேயே கொடுப்பேன். சீனி தனியாக வைத்திருப்போம். அவசரப்பட்டுப் பஸ்ஸுக்கு ஓடாமல், எல்லோரும் இருந்து வாங்கிக்கொண்டு போங்கள்.