கோப்பி அரைக்காத எஞ்சின்

எனக்குக் கலியாணம் நடந்த அன்றைக்கே என் மாப்பிள்ளை சாப்பாட்டுச் சஹனில் எஞ்சின் வரைந்தார். பெண்கள் நாங்கள் உள்ளே இருந்ததால் நான் அதைப் பார்க்கவில்லை. ஆண்கள் பக்கம் இருந்துவிட்டு வந்த என் தம்பிதான் சொன்னான். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுவதுதான் சஹன். அவரவர் முன்னால் உள்ள சோற்றை மட்டும் எடுக்க வேண்டும், அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது. இவரோ நெய்ச்சோற்றில் விரலால் கோடு கிழித்து, "இது ஆறு அறை. ஆவி அதது அறையில ஈந்தாத்தான் சக்கரம் சுத்தும். பக்கத்து அறைக்குப் பாஞ்சா எல்லாம் வீண்" என்று பக்கத்திலிருந்தவர்களுக்குப் பாடம் நடத்தினாராம்.

"மச்சான் நல்ல மனிசன்தான் ராத்தா. ஆனா சோத்துல கோடு கிழிக்கிறாரு" என்றான் தம்பி. அவனுக்கு அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது.

கெலிஓயாவில் கம்பளைக்குப் போகிற வழியில் வாப்பாவின் கடை. கடைக்குப் பின்னால் வீடு. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கே வந்து தங்கினார். தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிற இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையொன்று கண்டியில் இருந்தது, அங்கேதான் அவருக்கு வேலை. காலை ரயிலில் போய்ப் பொழுது சாயும்போது வருவார். வந்து முகம் கழுவி, தேத்தண்ணீர் குடித்து, தொழுதுவிட்டுப் பின்பக்கக் கொட்டிலுக்குள் போனால் பிறகு ஆளைப் பார்க்க முடியாது. உள்ளே அரத்தால் ராவுகிற சத்தம் மட்டும் கேட்கும். கடையில் சீனி சுற்றுகிற தாள்கள் குறையத் தொடங்கின. தேடிப் போனால் கொட்டில் சுவரெல்லாம் சீனித்தாள், தாளெல்லாம் வட்டம்.

நான் கொஞ்சம் வாய்க்காரி. அந்த எஞ்சினுக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தேன். "உங்க ரெண்டாந்தாரம் என்ன சொல்றா?" என்று கேட்பேன். அவருக்கு அது குத்தல் என்றே விளங்காது. "இன்னம் கசியுது புள்ள" என்று கவலையோடு பதில் சொல்வார். இப்படிப்பட்ட மனிதனோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

தன் எஞ்சின் முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றும் என்பது அவருடைய ஓயாத பாட்டு. ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டே, பேச்சுக்குத்தான், "அது எதுக்குப் பின்னுக்கும் சுத்தணும்? முன்னுக்குச் சுத்தினாப் போதாதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெருநாள் பிறை கண்டவர் மாதிரி ஆகிவிட்டார். சுளகை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

மற்ற எஞ்சினில் ஒரு தண்டு முன்னும் பின்னும் அடித்து அடித்துச் சக்கரத்தைத் தள்ளுமாம். அதை மறுபக்கம் சுற்றவைக்க இன்னும் எத்தனையோ தண்டும் கொளுவியும் வேண்டுமாம். தன்னுடையதில் அந்தத் தொல்லை இல்லை. வட்டமான பித்தளைப் பெட்டி, அதற்குள் கொஞ்சம் ஓரமாக வைத்த உருளை, உருளையில் வெட்டிய பிளவுகளிலிருந்து வெளியே தள்ளி நிற்கிற தகடுகள், அவ்வளவுதான். ஒரு பக்கத் துவாரத்தால் நீராவி வந்து தகட்டைத் தள்ளிச் சுற்றிக்கொண்டு மறுபக்கத் துவாரத்தால் போகும். கைப்பிடியொன்றைத் திருப்பினால் வந்த வழி போகிற வழியாகும், போகிற வழி வந்த வழியாகும், சக்கரம் மறுபக்கம் சுற்றும்.

"உங்க வாப்பாட கோப்பி மில்லு ஒரு நாளைக்கு எத்தன தரம் இறுகுது?" என்று கேட்டார்.

அது உண்மைதான். கடை முன்னால் பெரிய சக்கரம் வைத்த கோப்பி மில் ஒன்று இருந்தது. கொட்டையோடு ஒரு சின்னக் கல் போனாலும் இறுகி நின்றுவிடும். கடைப் பையன்கள் இரண்டு பேர் தோளைக் கொடுத்துப் பின்னுக்குத் தள்ளித்தான் அதை விடுவிக்க வேண்டும்.

"என்ட எஞ்சின்ல ஒரு விரல் போதும்" என்றார். அந்த ஒற்றை விரலை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். அன்றைக்குத்தான் எனக்கு அவரை முதல் தடவையாக நன்றாகப் பிடித்தது என்று நினைக்கிறேன். ஆனாலும் அதை அவரிடம் சொல்லவில்லை.

பித்தளைப் பெட்டியை வார்த்துக் கொடுத்தவர் பிலிமத்தலாவையில் இருந்த ஒரு சிங்கள பாஸ். கைவேலையில் தேர்ந்தவரை எங்கள் பக்கம் பாஸ் என்போம். விளக்கு வார்ப்பதில் பேர்போனவர். இவர் வட்டமும் அளவும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார். போய் வாங்கினால் பெட்டியின் விளிம்பைச் சுற்றித் தாமரை இதழ்! யாரும் கேட்கவில்லை, வட்டமாகப் பித்தளை வார்த்தால் இதழ் வைத்துத்தான் அந்த மனிதருக்குப் பழக்கம். இவருக்கு அதை ராவி எடுக்க மனம் வரவில்லை. "எஞ்சினா, குத்துவிளக்கா?" என்று வாப்பா கேட்டார். திரி எங்கே என்று நானும் கேட்டேன்.

இதழ் ஒரு கெடுதலும் செய்யவில்லை. கெடுத்தது கசிவுதான். தகட்டுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் நீராவி அதற்குள்ளால் பாய்ந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிற எஞ்சின் என்றால் தகட்டை அந்தப் பக்கத்துக்கு ஏற்றபடி சாய்த்துத் தேய்க்கலாம். இது இரண்டு பக்கமும் சுற்றுவதால் எந்தப் பக்கமும் சாய்க்க வழியில்லை. தக்கை வைத்துப் பார்த்தார். செருப்புத்தோல் வெட்டி வைத்தார். என் சாப்பாட்டுப் பாயின் ஓரத்தைக்கூட ஒருநாள் காணவில்லை.

வாப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. அவருக்கும் வயதாகிவிட்டது, தம்பியோ சின்னவன், கடையைப் பார்க்க ஆள் வேண்டும். நோன்பு மாதம் முடிகிற நேரம் மருமகனைக் கூப்பிட்டு நேராகவே சொன்னார்.

"மகன், பெருநாள் கழிஞ்சி வார வெள்ளிக்கெழம, ஜும்மா முடிஞ்சி எல்லாரும் ஈக்கிற நேரம், அந்தச் சாமானால கோப்பி அரைச்சிக் காட்டுங்க. அரைச்சா நானே அதக் கடைக்கு எடுக்கிறேன், பொறகு ஒரு பேச்சும் பேச மாட்டேன். அரைக்காட்டி, பட்டறை வேலைய விட்டுட்டு வந்து கடையில இரிங்க."

"சரி மாமா" என்றார் இவர். இரண்டு பேரும் கை கொடுத்துக்கொண்டார்கள். எனக்கு மனதுக்குள் சந்தோஷம். அரைத்தாலும் நல்லது, அரைக்காவிட்டால் பகல் சாப்பாட்டுக்கு மனிதர் வீட்டில் இருப்பார். எனக்கு எந்தப் பக்கமும் நட்டமில்லை என்று நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அவருடைய துருக்கித் தொப்பியைக் காணவில்லை. கலியாணத்துக்கு வாப்பா வாங்கிக் கொடுத்த சிவப்புத் தொப்பி, கறுப்புக் குஞ்சம் வைத்தது. பள்ளிக்கு வெறும் வெள்ளைத் தொப்பியோடு போனார். "எங்க மகன் தொப்பி?" என்று வாப்பா கேட்டதற்கு "வீட்டுல ஈக்கி மாமா" என்றார். அது பொய்யும் இல்லை.

ஜும்மா முடிந்ததும் கடைவாசல் நிறைந்துவிட்டது. நானும் உம்மாவும் திரைக்குப் பின்னால் நின்றோம். ஏதோ ஒரு தோட்டத்தில் கழித்துப் போட்ட சின்னக் கொதிகலனைப் பழுது பார்த்து வைத்திருந்தார், அதில் விறகு வைத்து எரித்தார்கள். எஞ்சினிலிருந்து மில் சக்கரத்துக்குத் தோல்பட்டி. அவர் கைப்பிடியைத் திருப்பினார். சக்கரம் சுற்றியது! அடித்துப் பிடிக்கிற சத்தம் ஒன்றும் இல்லை, ஒரு முனகல் மட்டும். கைப்பிடியை மறுபக்கம் திருப்பினார். சக்கரம் மெல்ல நின்று, மறுபக்கம் சுற்றியது. "சுப்ஹானல்லாஹ்" என்று யாரோ சொன்னார்கள். வாப்பா முன்னால் வந்து தானே கைப்பிடியைப் பிடித்தார். முன்னுக்குத் திருப்பினார், பின்னுக்குத் திருப்பினார், திரும்பவும் முன்னுக்கு. போதும் வாப்பா என்று சொல்ல ஒருவரும் துணியவில்லை.

கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, கோப்பியப் போடுங்க" என்றார்.

ஒரு பிடி வறுத்த கொட்டை போட்டார்கள். மில் ஒரு தரம் உறுமியது. நின்றுவிட்டது. நீராவி மட்டும் மறுபக்கத்தால் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. அதோடு பெட்டியின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சிவப்புத் தண்ணீர் வடிந்தது.

"அல்லாஹ்வே, எஞ்சினுக்கு ரெத்தம் போகுது!" என்றார் ஒருவர்.

வாப்பா குனிந்து அதை விரலால் தொட்டார், மோந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து மருமகனைப் பார்த்தார். "இது நான் வாங்கித் தந்த தொப்பிதானே?"

தகட்டு விளிம்பு ஒவ்வொன்றுக்கும் தொப்பிக் கம்பளியை வெட்டி வைத்திருந்தார் மனிதர். கெலிஓயா முழுக்கச் சிரித்தது. திரைக்குப் பின்னால் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்தபடியே ஒரு துணியை எடுத்து அந்தச் சிவப்பைத் துடைத்தார், ஒவ்வொரு இதழாகத் துடைத்தார். "நாளையிலேருந்து கடைக்கு வாறேன் மாமா" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நல்ல கடைக்காரராகவும் இருந்தார், அதுதான் எனக்கு ஆச்சரியம். சிங்களவரோடு சிங்களம், தோட்டத்து ஆட்களோடு அவர்கள் தமிழ், எல்லோருக்கும் ஒரே மரியாதை. நிறுவை பிசகாது. பகலில் வீட்டுக்கு வந்து சூடாகச் சாப்பிட்டார். மூன்று வருடமாக நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

ஆனால் மனிதர் பேசவில்லை. கேட்டால் பதில் சொல்வார், அவ்வளவுதான். கொட்டிலைப் பூட்டிவிட்டார். எஞ்சினுக்கு மேலே சாக்கு. ஒருநாள் பொறுக்க முடியாமல், "சக்களத்தி தனியா ஈக்கிறாளே, போய்ப் பாக்கல்லயா?" என்று சீண்டினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கால் றாத்தல் கொத்தமல்லி கேட்டு வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பாரே, அதே சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு ஒருநாள் மில் இறுகியது. நான் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யார் வீட்டுத் தையல் மெஷின் மக்கர் பண்ணினாலும் கேட்காமலே கழற்றிப் பார்க்கிற மனிதர் அவர். அன்றைக்குத் தலையை நிமிர்த்தவே இல்லை. பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே, "கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்க தம்பி" என்று பையன்களிடம் சொன்னார். நான் குசினிக்குள் போய் அழுதேன். உம்மா அதை மசக்கை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டு எனக்கு இளநீர் வெட்டித் தந்தார்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா சாய்மனைக் கதிரையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் போய் முன்னால் நின்றேன்.

"வாப்பா, எனக்கு இந்த மாப்பிள்ள வேணாம்."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத சொல் அது. "என்ன செஞ்சாரு? அடிச்சாரா?"

"இல்ல."

"ஏசினாரா?"

"ஏசினா நல்லமே வாப்பா. ஒண்டுமே செய்றாரில்ல. பெருநாளைக்கு முந்தி ஈந்தாரே, அவரத் தாங்க. அவருதான் எனக்கு வேணும்."

வாப்பா தாடியைத் தடவினார். "அந்த ஆளால ஒரு பிடி கோப்பி அரைக்க ஏலாமப் போச்சே மகள்."

"அரைக்காட்டிப் போகட்டும். ஒங்களுக்கு வேணும்டா நான் ஒரல்ல இடிச்சித் தாறேன்."

அவர் கோப்பையை எடுத்து மிச்சத்தைக் குடித்தார். அடுத்த நாள் காலை கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு கண்டி ரயில் ஏறினார். கடையை விட்டு எங்கும் போகாத மனிதர் எங்கே போகிறார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பட்டறை துரைக்கு முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று மருமகனுக்காகப் பேசியதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. பட்டறை ஆள் ஒருவர் சொல்லித்தான் வெகுகாலத்துக்குப் பிறகு எங்களுக்குத் தெரிய வந்தது.

பகலுக்குள் திரும்பி வந்தார். கடைக்குள் ஏறியதும் ஏறாததுமாக மருமகனிடம் பிழை தேடினார். நிறுவையில் பிழை இல்லை, பேச்சில் பிழை இல்லை, ஒன்றுமே அகப்படவில்லை. கடைசியில் பொட்டலம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"இதுக்கு இவ்வளவு நூலா? என்ட நூலெல்லாத்தயும் முடிக்கப் போறீங்களா? ஒங்களுக்குக் கட வேல சரிவராது மகன். நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க. பட்டறைக்கே போங்க."

சனங்கள் முன்னால் அப்படிக் கத்தினார். கத்திவிட்டு அங்கே நிற்க முடியாமல் பள்ளிப் பக்கம் போய்விட்டார்.

இவர் வீட்டுக்குள் வந்தார். "மாமா என்னய வெரட்டிட்டாரு புள்ள" என்றார். சொல்லும்போதே கண் மின்னியது. வேலை போன மனிதனைப் பெண்சாதி ஏசத்தானே வேண்டும்? கடைப் பக்கம் கேட்கட்டும் என்று நானும் நன்றாகவே ஏசினேன். ஒரு நூல் கட்டத் தெரியாதவரைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாடு, ஊர் சிரிக்கிற சிரிப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

நான் மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து, பயந்து பயந்து கேட்டார். "என்ட வேலக் களிசான் எங்க ஈக்கிண்டு தெரியுமா?"

அலுமாரியைத் திறந்து மேல்தட்டிலிருந்து அந்தக் காற்சட்டையை எடுத்து நீட்டினேன். போகக்கூடிய எண்ணெய்க் கறையெல்லாம் போயிருந்தது. மடிப்புக் குலையவில்லை. அவர் அதை விரித்துப் பார்த்தார். முழங்காலில் கிழிந்திருந்த இடத்தில் புதுத் துணி ஒட்டு. ஒட்டைச் சுற்றியிருந்த தையலை விரலால் தடவினார்.

"மாமா வெரட்ட முந்தியே இதத் தச்சி வெச்சீக்கிறியே, புள்ள" என்றார்.

நான் அலுமாரியை மூடினேன். சோறு ஆறுது, வந்து சாப்பிடுங்க என்று மட்டும் சொன்னேன்.