மரத்தவளையை விசாரிக்கப் போன இடங்கள்

மரத்தவளை தேடிப் போகிறவர்கள் டார்ச் எடுக்க மறந்தாலும் பரவாயில்லை, ரோஷத்தை மறக்காமல் வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். என்னைப் போல் லீவு நாளில் அலைந்து பேச்சு வாங்கியவர்களுக்கு இது தெரியும். நான் அறிவியல் டீச்சர். சிவகாசி பக்கம் மரத்தவளை எங்கெங்கே தங்குகிறது என்று பார்த்து, இயற்கை ஆர்வலர் குழு ஒன்றுக்கு எழுதி அனுப்புகிறேன்.

தேரை விழுந்த பிள்ளை

சாத்தூரில் ஒரு வீட்டுக் குளியலறைச் சுவரில் மரத்தவளை ஒட்டிக்கொண்டிருந்தது. பகலில் இப்படி ஈரமான மூலையில் காலை மடக்கிக் கிடக்கும். இருட்டினால் பூச்சி பிடிக்கக் கிளம்பும். நான் போட்டோ எடுப்பதற்குள் வீட்டுக்கார மாரியம்மா விளக்குமாற்றால் ஓங்கி அடித்துவிட்டார். தீப்பெட்டி கம்பெனியில் வேலை பார்ப்பவர். இடுப்பில் நோஞ்சானாக ஒரு கைக்குழந்தை. மரத்தவளையைத்தான் தேரை என்கிறார்; அது மேலே விழுந்தால் பிள்ளை தேய்ந்துபோகும் என்று நம்புகிறார்.

“அதுக்கு விஷமே கிடையாதும்மா. பிள்ளைய ஆஸ்பத்திரியில காட்டுங்க” என்றேன்.

“நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் டீச்சர். ஆனா புள்ள எம்புள்ளயாச்சே?”

கொசுப் பாடம்

விஸ்வநத்தம் பக்கம் ஒரு ஊருணி. கரையில் புங்கமரம். மழை பெய்தால், தண்ணீருக்கு மேல் நீண்ட கிளைகளில் மரத்தவளைகள் வெள்ளை நுரையாகக் கூடு கட்டும். தலைப்பிரட்டைகள் அதிலிருந்து நேரே தண்ணீரில் விழும். போன மழை முடிந்ததும் மரத்தை வெட்டி, லாரி லாரியாக மண் கொட்டி மூடிவிட்டார்கள். குடோன் வரப்போகிறதாம்.

மண் கொட்டிய காண்டிராக்டர் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கும்பிட்டான். என்னிடம் படித்தவன். “ஏலே, தவளை அம்புட்டும் செத்திருக்குமேலே!” என்று கத்தினேன். அவன் உண்மையாகவே குழம்பிப்போனான்.

“தேங்குன தண்ணியில கொசு வரும், மண்ணப் போட்டு மூடணும்னு நீங்கதான டீச்சர் சொல்லிக் குடுத்தீக?”

தொட்டித் தண்ணீர்

பக்கத்துப் பட்டாசு கம்பெனியில் தீயணைக்க வைத்திருந்த சிமெண்டுத் தொட்டி ஒன்றின் விளிம்பில் நுரைக்கூடு இருப்பதாக, நான் தேடுவது தெரிந்து அங்கே வெடிமருந்து அடைக்கும் செல்வி போன் செய்தார். போய்ப் பார்த்தேன். எனக்கிருந்த சந்தோஷத்தில் அவருக்கும் பாதி ஒட்டிக்கொண்டது. “யாரும் கலைக்காம நான் பாத்துக்கிறேன்” என்றார்.

மறுவாரம் அவர் வேலை பார்த்த ஷெட் வெடித்தது. செல்வி பிழைத்துக்கொண்டார்; கூட இருந்த இரண்டு பெண்கள் பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் இரண்டு கையிலும் கட்டு. நான் வாய் தவறி, “அந்தக் கூடு...” என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“அந்தத் தண்ணியத்தான் டீச்சர் எம்மேல ஊத்துனாக.”

மரத்தவளை எங்கே குடியிருக்கும் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, அங்கே இருக்கும் மனுசரிடம் முதலில் எதைக் கேட்க வேண்டும் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.