தை மாதத்துச் சக்களத்தி

எங்கள் அக்கா சங்கரிக்குச் சக்களத்திகள் ஏராளம். வருடத்துக்கு மூன்று, நான்கு பேர் வருவார்கள். எல்லாரும் வங்காள விரிகுடாவில் பிறந்தவர்கள். அந்தமானுக்குத் தெற்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகிவிட்டால், அக்காவின் புருஷன் பக்தவத்சலம் சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடியே போனுக்குள் போய்விடுவார். "பொறந்துட்டாளா சக்களத்தி?" என்று கேட்டுக்கொண்டே அக்கா ரசத்தை ஊற்றுவாள். அவர் அதைக் குடித்துவிட்டு, மோர் நன்றாயிருக்கிறது என்பார்.

மாமாவுக்குச் செங்கல்பட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி கடை. நான் அந்தக் கடையில் பில் போடுகிற மச்சான். தான் புயலடித்த நாளில் பிறந்தவன் என்று மாமா பெருமையடித்துக்கொள்வார். அவரைப் பெற்ற ஆராயி அம்மாளைக் கேட்டால், "சித்திர வெயில்ல, ஃபேனுகூட இல்லாம வேர்த்துக் கொட்டிப் பெத்தேன்" என்பார். பேட்டரி விற்பதற்காகத்தான் மாமா புயலைக் கிளப்புகிறார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். புயல் வருகிறது என்றால் ஷட்டரை இறக்கிவிட்டுக் கடலைப் பார்க்க மகாபலிபுரம் கிளம்பிவிடுவார். பேட்டரி தேடி வருகிறவர்கள் எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டு போவார்கள்.

'செங்கை வானிலை' என்று யூடியூபில் ஒரு சேனல் நடத்துகிறார். வீட்டில் "இன்னாடி, தோச ஆறிப்போய் கீது" என்கிற மனிதர், அதில் "வணக்கம் நேயர்களே, வளிமண்டல மேலடுக்கில் ஒரு சுழற்சி நிலைகொண்டுள்ளது" என்று கனத்த குரலில் ஆரம்பிப்பார். பெயர் சொல்லமாட்டார், முகம் காட்டமாட்டார். ஒருமுறை பெயரைப் போட்டுத்தான் பார்த்தார். வராத மழைக்குப் பயந்து கருவாட்டை வெயிலில் போடாமல் உள்ளே எடுத்துவைத்த ஒரு அம்மாள், கெட்டுப்போன கருவாட்டோடு கடைக்கே வந்துவிட்டாள். அந்த நாற்றம் போக ஒரு வாரம் ஆயிற்று. பெயரை எடுத்துவிட்டார்.

நேயர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். "நாளைக்கு லீவா அங்கிள்?" என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு கேள்வி கிடையாது. மீதிப் பேர் நாவலூர், சிறுசேரிப் பக்கத்து அபார்ட்மெண்ட்காரர்கள். தூறல் விழுந்தால் ரொட்டி பாக்கெட்டையும் மெழுகுவர்த்தியையும் வாரிக்கொண்டு போகிறவர்கள்.

மாமா சொன்னது பலிக்காமல் போனதுண்டு. நிறையவே உண்டு. ஆனால் தப்பு ஒருபோதும் அவருடையதாக இருந்ததில்லை. "புயல் தன் பாதையை மாற்றிக்கொண்டது" என்று அதன் தலையில் கட்டிவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து 'நான் சொன்னது தப்பு' என்று அவர் வாயால் அக்கா கேட்டதே இல்லை.

இவர்களுக்கு ஒரே மகள், ரோகிணி. சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. கூட வேலை பார்க்கும் அபிஷேக்கைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். இரண்டு வீட்டிலும் நடக்க வேண்டிய சண்டையெல்லாம் முறைப்படி நடந்து முடிந்து, தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை முகூர்த்தம் குறித்தார்கள். காலையில் திருக்கழுக்குன்றத்தில் தாலி, சாயந்திரம் மகாபலிபுரத்தில் கடலை ஒட்டிய புல்வெளியில் ரிசப்ஷன். புல்வெளி ரோகிணியின் ஆசை. கூரை கிடையாது.

"மழ வந்தா இன்னா பண்றது?" என்று அக்கா கேட்டாள்.

மாமா சிரித்தார். "தை பொறந்துட்டா கடலு கம்முனு கெடக்கும். என் சர்வீஸ்ல தை மாசத்துல ஒரு புயலு பாத்ததில்ல. நா கேரண்டி."

கேரண்டி கொடுத்து, பத்திரிகையும் அச்சடித்த பிறகு, சுமத்ராவுக்குப் பக்கத்தில் அவள் பிறந்தாள்.

பருவம் முடிந்து, மற்றவர்கள் எல்லாரும் வந்து போய், கடலே கடையைக் கட்டிய பிறகு வந்தவள். முதலில் நகரவே இல்லை. அப்புறம் மேகத்தைச் சுருட்டிக்கொண்டு மேற்கே ஒரு அடி, வடக்கே ஒரு அடி என்று அசைந்தாள். கரைக்கு வெகு தூரத்தில், கேட்க ஒரு ஆளில்லாத நடுக்கடலில், தாழ்வு மண்டலமாகி, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகி, ஒருநாள் காலை புயல் என்ற பட்டமும் வாங்கிவிட்டாள்.

மாமாவைப் பார்க்க வேண்டுமே. வாய் "பேஜாரா பூட்ச்சே மச்சான்" என்று புலம்பியது. முகத்தில் மட்டும் மாப்பிள்ளைக் களை. சொந்தக்காரர் வீடுகளில் தாம்பூலத்தட்டை நீட்டிய கையோடு வைஃபை பாஸ்வேர்டு கேட்டார். புயலின் பாதையைக் கணித்துச் சொல்லும் வெளிநாட்டுக் கம்ப்யூட்டர்கள் இரண்டை அவர் பார்ப்பதுண்டு. ஒன்றுக்கு ஐரோப்பாக்காரன், இன்னொன்றுக்கு அமெரிக்காக்காரன் என்று பெயர். இந்த முறை ஐரோப்பாக்காரன், இது கடலிலேயே முடிந்துவிடும் என்றான். அமெரிக்காக்காரன் மகாபலிபுரத்துக்கு நேராகக் கோடு போட்டான். எவன் புயலைக் கரைக்குக் கொண்டுவருகிறானோ அவன்தான் மாமாவுக்கு அன்றைக்கு நல்லவன்.

திங்கட்கிழமை சேனலில் முழங்கினார். "நேயர்களே, வியாழன் மாலை மாமல்லபுரம் அருகே புயல் கரையைக் கடக்க வாய்ப்பு பிரகாசமாக உள்ளது. பொதுமக்கள் வெளியே வருவதைத் தவிர்க்கவும்." பிரகாசமாம். மகளின் ரிசப்ஷனுக்கு வைத்த அதே மாலை.

அந்தக் குரலை யாரோ வெட்டி, சைரன் சத்தத்தை ஒட்டி வாட்ஸ்அப்பில் விட்டார்கள். அது நாவலூர் அபார்ட்மெண்டுகளை எல்லாம் சுற்றிவிட்டு, மாப்பிள்ளையின் அப்பா ஜானகிராமனிடம் போய்ச் சேர்ந்தது. அவர் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆதாரம் இல்லாமல் வணக்கம்கூடச் சொல்லமாட்டார். மாமாவுக்குப் போன் செய்தார்.

"சம்பந்தி, செங்கை வானிலைன்னு ஒருத்தர் இருக்கார், கேட்டிருக்கீங்களா? இந்தப் பக்கத்துல அவர்தான் அத்தாரிட்டி. வியாழக்கிழமை வெளியில வராதீங்கங்கறார். ரிசப்ஷனை ஏதாவது மண்டபத்துக்கு மாத்திடலாமா?"

"அத்தாரிட்டின்னா சொல்றீங்க?" என்று மாமா கேட்டார். அவருக்கு அதுதான் காதில் விழுந்திருந்தது.

தை முகூர்த்தத்தில் மண்டபத்துக்கு எங்கே போவது? செங்கல்பட்டு முழுக்கச் சுற்றிவிட்டேன். ஒரு இடமும் காலியில்லை. ரோகிணி அப்பாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கேரண்டி குடுத்ததும் நீதான், ஊரக் கூட்டி வராதீங்கன்னு சொல்றதும் நீதான். என் ரிசப்ஷனுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்கப்பா." அவள் கண் கலங்கிவிட்டது.

"உயிரு மேட்டரு கண்ணு. தெரிஞ்சிகினு சொல்லாம இருக்க முடியுமா?"

அதிலும் நியாயம் இருந்தது. எனக்கு எரிச்சலே அதனால்தான்.

புதன்கிழமை சக்களத்தி படுத்துவிட்டாள். வடக்கிலிருந்து வறண்ட காற்று இறங்கி அவள் வயிற்றுக்குள் புகுந்தது. தை மாதக் கடலில் அவளுக்குத் தீனி போடுகிற அளவுக்குச் சூடும் இல்லை. மேலே ஓடிய காற்று மேகத்தை மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. வியாழன் காலை ரோகிணி கழுத்தில் தாலி ஏறியது. அட்சதையைப் போட்ட கையோடு மாமா போனை எடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். பரந்த கடலில், மேகமே இல்லாமல், மொட்டையாக ஒரு சின்னச் சுழல்.

"முடிஞ்சிட்சா மாமா?"

"கொஞ்சம் களைச்சி கீறா, அவ்ளோதான்."

சேனலில், 'புயல் நடுக்கடலில் சற்றே ஓய்வெடுத்து வருகிறது' என்று ஒரு வரி போட்டார். செத்தவளை ஓய்வெடுக்கிறாள் என்று சொல்ல இவரால்தான் முடியும்.

சாயந்திரம் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. தோரணம்கூட ஆடவில்லை. கடல் அவர் கேரண்டி கொடுத்தபடியே கம்மென்று கிடந்தது. புல்வெளியில் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். மேடையில் ரோகிணியும் அபிஷேக்கும் போட்டோகிராபரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பார்க்க வேறு ஆள் இல்லை. வராதவர்கள் வரிசையாகப் போன் செய்தார்கள். "புயலாமே, பத்திரமா இருங்க!"

சமையல்காரர் ராஜேந்திரன் வந்து தலையைச் சொறிந்தார். "அண்ணாத்த, எல போடறதா வாணாமா? யாருக்குப் போடறது?"

ரோகிணி பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நீ சொன்னன்னுதான்பா வரல. நீ சொன்னா வருவாங்க."

"இன்னான்னு சொல்றது?"

"நடந்தத சொல்லு."

மாமா போனை எடுத்தார். பிறகு சேனலில் நேரலையைப் போட்டு, முதல் தடவையாகத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினார். "வணக்கம் நேயர்களே" என்று கனத்த குரலில் ஆரம்பித்தார். அதற்கு மேல் அந்தக் குரல் வரவில்லை. வீட்டுக் குரல்தான் வந்தது.

"நா பக்தவத்சலம். செங்கல்பட்டுல பேட்டரி கட வெச்சிகினு கீறேன். நா சொன்னது தப்பு. புயலு கடல்லயே செத்துபூட்ச்சி. அது பாதயும் மாத்தல, ஒண்ணும் மாத்தல. நாந்தான் தப்பா சொன்னேன். இங்க மாபலிபுரத்துல எம் பொண்ணு ரிசப்சன். எம் பேச்ச கேட்டு யாரும் வர்ல. பந்தி ரெடியா கீது. பத்திரிக வாணாம், மொய் வாணாம். எங்க கீறீங்களோ அப்டியே கெளம்பி வாங்க. புள்ள தனியா நின்னுகினு கீது."

அவர் குரல் உடைந்ததை அன்றுதான் கேட்டேன்.

முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த ஜானகிராமனின் போன் சிணுங்கியது. திறந்தார். திரையில் சம்பந்தியின் முகம், அதற்குப் பின்னால் மேடையில் தன் சொந்த மகன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். கேட்ட ஆதாரம் எதிரில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நின்றது. "அத்தாரிட்டி நீங்களா?" என்றார்.

முதலில் அசட்டுச் சிரிப்போடு சொந்தக்காரர்கள் வந்தார்கள். பிறகு யாரென்றே தெரியாதவர்கள். திருக்கழுக்குன்றத்திலிருந்து பைக்கில், கேளம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில். நாவலூரிலிருந்து கார்கள் வரிசையாக வந்தன. புயலுக்கு வாங்கி வைத்த ரொட்டியையும் மெழுகுவர்த்தியையுமே பரிசாகக் கொண்டுவந்து மணமக்கள் கையில் கொடுத்தார்கள். ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் மாமாவைச் சூழ்ந்துகொண்டு, லீவு போனதற்கு நியாயம் கேட்டது. கருவாட்டு அம்மாளும் வந்துவிட்டாள். பரிசு என்னவென்று சொல்லத் தேவையில்லை. "இப்பவாவது ஒத்துக்கினியே நைனா" என்று பொட்டலத்தை மாமாவிடம் கொடுத்துவிட்டு நேராகப் பந்திக்குப் போனாள். ராஜேந்திரன் மறுபடி உலை வைக்க வேண்டியதாயிற்று.

கூட்டம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமாவைக் காணவில்லை. தேடிப் போனோம். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்க்கப் போட்ட ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"யோவ், எந்திரிச்சி வா சாப்ட. சக்களத்தி செத்ததுக்குத் தீட்டு காக்கிறியா?" என்றாள் அக்கா.

ரோகிணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்பா, உண்மைய சொல்லு. அது வரணும்னு ஆசப்பட்டியா?"

மாமா கடலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அக்காவைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"கொஞ்சம்" என்றார்.

"எவ்ளோ கொஞ்சம்?"

"ஒரு முப்பது கிலோமீட்டர் காத்து. மேட விழாத அளவுக்கு."

ரோகிணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் மடியில் இருந்த கருவாட்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பிப் பந்திக்கு அழைத்துக்கொண்டு போனாள்.