ஸ்டெல்லாக்காவின் துபாய்

“உங்க பையன் துபாய்லதானே இருக்கான்?” என்று அன்று நான் கேட்கவில்லை. அவரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

ஸ்டெல்லாக்கா இறந்துவிட்டார். நேற்று காலை, மீன் எடுக்கப் போன இடத்திலேயே மாரடைப்பு.

மந்தைவெளியில் எங்கள் தெருமுனையில் மீன் விற்றவர். இங்கே நட்பில் இருக்கும் பலர் அவரிடம் பேரம் பேசித் தோற்றிருப்பீர்கள்.

நான் சொல்லும் அந்த நாள் ஒரு ஞாயிறு. ஊருக்கு வெளியே ஒரு போதை மறுவாழ்வு மையம். பார்வையாளர் வரிசையில் எனக்கு முன்னால், மகன் துபாயில் இருப்பதாகத் தெருவெல்லாம் சொல்லியிருந்த அக்கா.

உள்ளே என் தம்பி. காலேஜ் ஹாஸ்டலில் கஞ்சா, அப்புறம் வலி மாத்திரை, அப்புறம் ஊசி... ‘பெங்களூரில் ட்ரெய்னிங்’ என்று அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அக்காவிடமும்தான்.

வரிசையில் கோட்டைக் கையில் மடித்து வைத்திருந்த வக்கீல் ஒருவர், ஒரு ஸ்கூல் டீச்சர், ஆட்டோக்காரர், கைக்குழந்தையோடு ஒரு பெண்... யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

செக்யூரிட்டி எல்லா டிபன் பாக்ஸையும் திறந்து சோதிப்பார். அக்கா கொண்டுவந்த வறுத்த மீனைத் துண்டு துண்டாகப் பிட்டுப் பார்த்தார்.

“பாத்து நைனா, முள்ளு கீது. அதையும் எடுத்து வுட்டின்னா என் புள்ளைக்கு ஒரு வேல மிச்சம்.”

வரிசையில் சிலர் சிரித்தார்கள். அந்த இடத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சைதாப்பேட்டை தாண்டியதும் சொன்னார்.

“ஒருவாட்டி வெளிய வந்தான் பாப்பா. நல்லாத்தான் இருந்தான். பழைய பசங்க வூட்டாண்ட வந்து நின்னானுங்க, அவனுங்களோட பூட்டான். இப்ப நான் வாராவாரம் வர்றதாலதான் உள்ள கீறான். நான் இல்லாங்காட்டி செவுரேறிக் குதிச்சு ஓடிடுவான்.”

ஜன்னல் ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன்... அவருக்கு வெயில் அடித்தது.

மறுநாள் தெருமுனையில், அம்மா பக்கத்தில் நிற்கும்போதே, சங்கராவின் செதிலைச் சீவிக்கொண்டே கேட்டார்.

“பெங்களூர்ல தம்பி சாப்புடறானா?”

“சாப்பிடறான்க்கா. துபாய்ல?”

“கை நடுக்கம் நின்னுட்ச்சு. தூக்கந்தான் வரலியாம்.”

பக்கத்துக் கீரைக்காரம்மா விடவில்லை. “இன்னாடி ஸ்டெல்லா, அம்மாந்தூரம் போயும் ஏசி இல்லியா உன் புள்ளைக்கு?”

“கீது கீது. இவனுக்குத்தான் ஒத்துக்கல.”

அதன் பிறகு மாதக்கணக்கில் இப்படித்தான் பேசிக்கொண்டோம். தம்பி வீடு திரும்பிய அன்று வஞ்சிரத்தில் நடுத்துண்டாகப் பொறுக்கிப் போட்டார். அம்மாவுக்கு ஏன் என்று புரியவில்லை.

இன்று மதியம் அடக்கம். மகனை மையத்தின் ஊழியர் ஒருவர் அழைத்து வந்திருந்தார். இதை எழுதலாமா என்று அவனிடம் தயங்கித்தான் கேட்டேன்.

“எழுதுங்கக்கா. இனிமே யாராண்ட மறைக்கறது?”

என் தம்பியும் சரி என்றான்.

கல்லறைத் தோட்ட வாசலில் அந்தப் பழைய பசங்க பைக்கோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஏழாம் நாள் பூசை வரைக்கும் வீட்டில் இருந்துவிட்டுப் போகச் சொல்லி அக்கா மகனின் கையைப் பிடித்து அவன் சித்தி அழுதார்.

போய் வாருங்கள் அக்கா.

அவன் சித்தியிடம் சொல்லிக்கொண்டு, மையத்தின் வேனில் ஏறித் திரும்பிப் போய்விட்டான்.