முதல் மூட்டையில் மூடிக்கொண்ட ஜன்னல்

வெறுங்கையோடு வந்து காட்டுமன்னார்கோயிலில் நெல் மில் கட்டினேன், சிதம்பரத்தில் வீடு கட்டினேன். ஐந்தாவதோடு நின்றவன், மகளைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தேன்.

மூட்டைக் கணக்குக்கு அவள் பைத்தானில் எழுதிய புரோகிராம் வீட்டில் நன்றாக ஓடியது. மில்லில் கணக்கர் தட்டினால் திரையில் புரோகிராம் ஓடும் கறுப்பு ஜன்னல் பட்டென்று மூடிக்கொண்டது. மறுநாள் கல்லூரியில் காட்ட வேண்டும்; அவளுக்கு அழுகை முட்டியது.

கணக்கர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். புரோகிராம் மூட்டை எண் கேட்டதும் ஆங்கில எழுத்தில் ‘லாபம்’ என்று தட்டினார்.

“ஐயோ மாமா, அது நம்பரத்தான் வாங்கும்!” என்றாள் மகள்.

“மொத மூட்டைய ஒண்ணுன்னு எவன் சொல்லுவான் பாப்பா?”

இருவர் மேலும் தப்பில்லை. எண்ணும்போது ஒன்றுக்குப் பதில் லாபம் என்று தொடங்கும் எங்கள் வழக்கம் மெஷினுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

“அப்ப அதுக்கும் சொல்லிக்குடு” என்றேன். லாபம் என்றாலும் ஒன்றாக எடுத்துக்கொள்ள மாற்றினாள். ஜன்னல் மூடாமல் நின்றது, கல்லூரியிலும் பாராட்டினார்கள்.

புராஜெக்டின் நன்றிப் பக்கத்தில் ‘அப்பா’ என்று மட்டும் போட்டிருக்கிறாள். ‘பிழையைக் கண்டுபிடித்தவர்’ என்றும் சேர்க்க வேண்டும்.