செலின் வரைந்த பெண் ஆடு

செலின் இறந்த செய்தி நம் குழுவில்தான் எனக்கு வந்தது. "செலின் அக்கா போய்ட்டாங்க. மஞ்சக்காமாலை. நாளைக்கு காலைல ஆம்பூர்ல அடக்கம்." அதன் கீழே வரிசையாக மெழுகுவத்திப் படங்கள். போட்டவர்களில் பாதிப் பேர் நான்கு மாதம் முன்பு அவர் வரைந்த படத்தைக் கேலி செய்து சிரித்தவர்கள். ஆனால் அவர்களைத் திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

குழுவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. விலங்குகள் சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்ச் சண்டை போட்டுக்கொள்ளும் ஓர் இணையப் படக்கதைக்கு நாங்கள் ரசிகர்கள். அந்த உலகத்துக்கு ஏற்ற பாத்திரங்களை நாங்களே வரைந்து எங்கள் தளத்தில் ஏற்றுவோம். ஒவ்வொரு படத்துக்கும் இன்ன விலங்கு, ஆணா பெண்ணா என்று குறிச்சொல் போட வேண்டும். அந்த வேலையைச் செலினும் நானும் பார்த்தோம். விதியை எழுதியவன் நான்: வரைந்தவர் என்ன சொன்னாலும், கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தான் முடிவு. பிடரிமயிர் இருந்தால் ஆண் சிங்கம். தோகை இருந்தால் ஆண் மயில். பாகாயத்தில் அச்சகம் ஒன்றுக்கு வடிவமைப்பு வேலை செய்கிறவன் நான். எதையும் கட்டத்துக்குள் அடைத்தால்தான் எனக்கு நிம்மதி.

செலின் ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிப்பவர். உண்ணி கடித்த தழும்பையும் முள் கீறலையும் கையால் தடவியே கண்டுபிடிப்பார். ஒருமுறை யாரோ கொம்புள்ள ஆடு ஒன்றை வரைந்திருந்தார்கள். நான் யோசிக்காமல் 'ஆண்' என்று போட்டேன். உடனே போன் வந்தது.

"இன்னா சார், ஆட்டையே பாத்ததில்லையா? வெள்ளாட்டுல பொட்டைக்கும் கொம்பு இருக்கும். எங்க அம்மா ஊரு திமிரி. பால் கறக்கறப்ப அந்தக் கொம்பால குத்து வாங்கினவ நானு."

சிரித்துக்கொண்டே மாற்றினேன். அவர் விடவில்லை. "தெனம் எத்தினியோ தோலு என் கையில போவுது. வெள்ளாடா செம்மறியான்னு கேளுங்க, சொல்லிடுவேன். கிடாவா பொட்டையான்னு கேட்டா தெரியாதுன்னுதான் சொல்வேன். தெரியாதுன்னு சொல்றதுக்கு இன்னா வெக்கம் சார்?"

கொம்பு விதியை மட்டும் திருத்தினேன். 'தெரியாது' என்று ஒரு கட்டம் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான்கு மாதம் முன்பு அவர் தம் சொந்தப் பாத்திரத்தை ஏற்றினார். கம்பெனி ஏப்ரன் கட்டிய வெள்ளாடு. பெயர் ரோசி. தாடையில் நீளத் தாடி. குறிச்சொல்: பெண். நான் 'ஆண்' என்று மாற்றினேன். அவர் திருப்பிப் போட்டார். நான் மறுபடி மாற்றினேன். குழுவுக்கு நல்ல வேடிக்கை. "ரோசி அண்ணே, வணக்கம்" என்று ஒருவன் எழுத, சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. நானும் ஒன்று போட்டேன். செலின் என்னைக் கூப்பிட்டார்.

"சார், பொட்டை ஆட்டுக்கும் தாடி வரும்."

"வரலாம் செலின். பாக்கறவங்களுக்கு அது தெரியாதே. தாடின்னா ஆம்பளைன்னுதான் நெனைப்பாங்க."

"அப்படி நெனைச்சா அது அவங்க தப்பு. அதுக்கு ரோசி இன்னா பண்ணும்?"

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"கொம்புக்கு மட்டும் மாத்துனீங்களே சார்."

அவர் மடக்கிவிட்ட எரிச்சலில் அந்தக் குறிச்சொல்லை யாரும் தொட முடியாதபடி பூட்டிவிட்டேன். அதன்பின் அவர் படம் எதுவும் ஏற்றவில்லை. குறிச்சொல் வேலைக்கும் வரவில்லை. கோபம் தணிந்தால் தானாக வருவார் என்று இருந்துவிட்டேன்.

மூன்று வருடப் பழக்கத்தில் அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. எப்போதும் குரல்தான். ஆம்பூரில், சவப்பெட்டிக்குள்தான் முதல்முறை பார்த்தேன். வெள்ளைச் சேலை, கையில் ஜெபமாலை. தாடை மட்டும் பச்சைபூத்து இருந்தது. ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு. நான் அதையே பார்ப்பதைக் கவனித்த அவருடைய அக்கா பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசினார்.

"உடம்புல இன்னாவோ சுரப்புக் கோளாறு சார். வயசுக்கு வந்ததுலேருந்து தாடி வளரும். தெனம் மழிச்சிக்கினுதான் கம்பெனிக்குப் போவா. போன வருசம் ஒரு நாளு, 'இனிமே என்னால முடியாதுக்கா, இருந்துட்டுப் போவட்டும்'னு வுட்டுட்டா. கூட வேலை செய்ற பசங்க அண்ணே, அண்ணேன்னு கூப்புட்டானுங்க. வீட்டுக்கு வந்து அழுவா. ஆனா மழிக்க மாட்டா."

"இப்ப...?"

"கடைசியா பாக்க வர்றவங்க எதுனா பேசுவாங்களேன்னு நாங்கதான் காலைல மழிச்சிட்டோம்."

பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அவர்கள் செய்ததை அவர்களுக்கு முன்பே செய்தவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் பூட்டைத் திறந்து, ரோசிக்கு 'பெண்' என்று போட்டேன். ஒரு நொடிதான் ஆனது. அப்போதுதான் தளத்தின் புகார்ப் பெட்டியில், பூட்டிய மறுநாளே செலின் அனுப்பியிருந்த ஒன்று கண்ணில் பட்டது. மறுபடி சண்டைக்கு வருகிறார் என்று அன்றே பெயரைப் பார்த்ததும் திறக்காமலே ஒதுக்கியிருந்தேன். உள்ளே ஒரு போட்டோ. கம்பெனி வாசலில் ஏப்ரனோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கருகருவென்ற தாடியோடு செலின். கீழே எழுதியிருந்தார்: "குழுவுல யாரும் என்னைப் பாத்ததில்ல சார். உங்களுக்கு மட்டும்தான் அனுப்பறேன். நான் பொம்பளதான். இப்பவாச்சும் மாத்துவீங்களா?"

அவருடைய அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் இதையெல்லாம் எழுதினேன். போட்டோவை மட்டும் யாருக்கும் காட்டப்போவதில்லை. செலின் தாம் விரும்பியபடி இருந்த முகம் அது. என்னை நம்பி அனுப்பியது. அதுதான் அவர் நினைவாக என்னிடம் இருக்கிறது. என் பதிலுக்காக அவர் எத்தனை நாள் அந்தப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்திருப்பாரோ.